பன்னிரண்டு யூனிட்

அத்தியாயம் 5

“எங்கண்ணன் யாரையும் இடிக்கல மேடம். ஆனா நான்தான் இடிச்சேன்னு சொல்லிக்கினு கீறாரு.”

நான் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்த நேரம் பார்த்து வந்து இப்படிச் சொன்னவர் பெயர் இனாயத். சிந்தாதிரிப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். அளவு எடுக்கும் டேப் கழுத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. பாதி சட்டையை மெஷினில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி எங்கள் ஆபீஸ். எங்கள் என்றால் அபயாம்பாள் மேடமும் நானும். மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் விபத்து கிளெய்ம்களைத் தோண்டினார். பெரிய இடத்துக் கிளெய்ம் ஒன்றைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியதில் அவருக்கே குழி வெட்டிவிட்டார்கள். இப்போது தனியார் துப்பறிவாளர். நான் வெங்கடேஷ், உதவியாளன். என் சம்பளம் மழை மாதிரி. வரும் என்று சொல்வார்கள்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்கோ,” என்றார் மேடம்.

இனாயத் சொன்னார். அண்ணன் வலியுல்லா, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கத்திடம் பத்தொன்பது வருஷமாக டிரைவர். போன மாதம் பதினேழாம் தேதி விடிகாலையில், அடையாறு எல்.பி. ரோட்டில் ரோடு பெருக்கிக்கொண்டிருந்த முத்தம்மா என்ற துப்புரவுத் தொழிலாளியை ஒரு எலெக்ட்ரிக் கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. முத்தம்மா இறந்துவிட்டார். கார் சுயம்புலிங்கத்தினுடையது. போலீஸ் நம்பரைக் கண்டுபிடிப்பதற்குள், அன்று சாயங்காலமே கடை மேனேஜரோடு ஸ்டேஷனுக்குப் போய் “நான்தான் ஓட்டினேன்” என்று வலியுல்லா எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ஜாமீனில் இருக்கிறார். நாளைக் காலை பத்தரைக்கு சைதாப்பேட்டை கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார்.

“ஒத்துக்கினா உள்ள போய்டுவாரு மேடம். மூணு பொம்பளப் புள்ளைங்க. பெரியவ இப்பத்தான் நர்சிங் சேரப் போறா,” என்றார் இனாயத்.

“அவர் ஓட்டலைன்னு எப்படிச் சொல்றேள்?”

“ஓட்டுனவரு ஊட்ல வந்து அழுவாரு. இவரு அழல. செவுத்தப் பாத்துக்கினே கீறாரு. அஞ்சாந் தேதி சம்பளக் கவர் குடுத்தனுப்புனாங்க. அதைத் தொடக்கூட இல்ல. டிவி மேல அப்படியே கெடக்குது. அந்தக் காசப் பாத்தா எனக்கே என் மேல வெறுப்பா கீதுடான்னாரு.”

கொண்டுவந்திருந்த கேஸ் நகல் மூன்று பக்கம்தான். முதல் பக்கம் வாக்குமூலம். முதலாளிக்குச் சொல்லாமல் வண்டியை எடுத்துப் போய், திருவான்மியூர் பொதுச் சார்ஜிங் நிலையத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் திரும்பும்போது இடித்ததாக எழுதியிருந்தது. இரண்டாவது, அந்த நிலையத்தின் ரசீது. மூன்றாவது, ஆம்புலன்ஸ்காரர்களின் சீட்டு. மேடம் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு, சர்க்கரை போடாத காபியை ஒரு வாய் குடித்தார். அந்தக் காபியை நானும் ஒருமுறை குடித்துப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒப்புதல் வாக்குமூலமே தேவலை.

“உங்கண்ணா எப்பவும் வெளியிலதான் சார்ஜ் போடுவாரா?”

இனாயத் சிரித்தேவிட்டார். “வெளிலயா? ரெண்டு வருசம் முன்ன ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனப்ப, வர வழில பேட்டரி தீந்து போச்சுன்னு வெளில போட்டாரு. வீட்ல போட்டா எவ்ளோ, வெளில எவ்ளோன்னு கணக்கு போட்டு, வித்தியாசம் நூத்தி நாப்பது ரூபாவ சம்பளத்துல புடிச்சுட்டாரு அந்த மொதலாளி. அன்னிலேர்ந்து எங்கண்ணன் வண்டியத் தள்ளிக்கினு வந்தாலும் வருவாரே தவிர, வெளில போட மாட்டாரு.”

“எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆளு போல,” என்றேன்.

“காக்கா வந்துச்சுன்னா அதுங்கிட்டயும் எதுனா வாங்கிப்பாரு,” என்றார் இனாயத்.

மேடம் என் பக்கம் ரசீதைத் தள்ளினார். “நேரத்தைப் பாரு.”

பார்த்தேன். சார்ஜ் ஆரம்பம் ஐந்து ஐம்பத்தொன்று, முடிவு ஆறு பதினாறு. பன்னிரண்டு யூனிட். இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய். அடுத்து ஆம்புலன்ஸ் சீட்டு. முத்தம்மா ரோட்டில் கிடக்கிறார் என்று யாரோ போன் செய்த நேரம் ஐந்து நாற்பத்திரண்டு.

தயிர்சாதத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன். வாக்குமூலம் சொல்வதுபோல சார்ஜ் போட்டுத் திரும்பும்போது இடித்திருந்தால் ஆறு பதினாறுக்குப் பிறகுதானே இடித்திருக்க வேண்டும்? முத்தம்மா அதற்கு முப்பத்துநாலு நிமிஷம் முன்பே விழுந்து கிடந்தார். அப்படியானால் கார் போகும்போது இடித்திருக்கிறது.

“அதாவது மேடம், ஒரு உயிரை அடிச்சுப் போட்டுட்டு, நேரா போய், வரிசைல நின்னு, சார்ஜ் போட்டுக்கினு இருந்திருக்கான்.”

“இருபத்தஞ்சு நிமிஷம்,” என்றார் மேடம். “பதறி ஓடினவன் செய்யற காரியமா இது? போலீசுக்கு ரெண்டு காகிதத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கப் பொழுதில்லை. ஒத்துக்க ஒருத்தர் கெடச்சுட்டார், போறும். கிளம்பு, திருவான்மியூர் போலாம்.”

*

மேடத்தின் ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவது பற்றித் தனி நாவலே எழுதலாம். எல்.பி. ரோட்டில் அந்த இடம் வந்ததும் மட்டும் வேகத்தைக் குறைத்தார். நடைபாதை ஓரம் யாரோ செங்கல்லை அடுக்கி, அதன் மேல் ஒரு முழம் கதம்பம் வைத்திருந்தார்கள். பூ காய்ந்துபோயிருந்தது. முத்தம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது என்று கேஸ் நகலில் போட்டிருந்தது. அந்த வயசில் விடியற்காலை ரோடு பெருக்க வைக்கிற ஊர் இது. அதைப் பற்றி எந்தக் கோர்ட்டிலும் கேஸ் கிடையாது.

சார்ஜிங் நிலையம், திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு காலி மனையில் இருந்தது. தகரக் கூரை, நான்கு மெஷின், ஒரு செக்யூரிட்டி, ஒரு நாய். செக்யூரிட்டி பிளாஸ்டிக் நாற்காலியிலும் நாய் அதற்கடியிலும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பதினேழாந் தேதி காலைலயா? நான் டூட்டிதாம்மா. ஆனா யாரு வந்தான்னு எனக்குத் தெரியாதே. போன்ல எல்லாத்தையும் அவங்களே தட்டிப்பாங்க. நான் எட்டிக்கூடப் பாக்கறதில்ல,” என்றார் செக்யூரிட்டி.

“கேமரா இருக்கே?”

“பதினைஞ்சு நாள்தான் நிக்கும். அப்பால அழிஞ்சிரும்.”

இருபது நாள் கழித்து வந்த எங்களுக்கு அதுவும் போயிற்று. “வண்டி கடை பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு மேடம். அந்தக் கணக்கை வீட்ல எவன் போன்லேர்ந்தும் தட்டலாம். சுவத்துல முட்டிக்கினோம்,” என்றேன்.

மேடம் காதில் வாங்கவில்லை. தகரக் கூரையில் கட்டியிருந்த விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். ‘காலை 5 முதல் 6 வரை யூனிட் ரூ.24. மற்ற நேரம் ரூ.28.’

“ஆறு மணிக்குள்ள ஆரம்பிச்சாப் போறுமா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா. அஞ்சு அம்பத்தொம்போதுக்குச் சொருகினாலும் இருவத்துநாலுதான்.”

“சரி. பொதுவா எல்லாரும் எவ்வளவு போடுவா?”

“சொந்த வண்டிக்காரங்க ஃபுல் போட்டுட்டு டிபன் சாப்பிடப் போயிருவாங்க. டிரைவருங்க எம்பதுல நிறுத்திருவாங்க. எம்பதுக்கு மேல மெதுவாத்தான் ஏறும். அதுக்கு எவன் காத்துக்கினு இருப்பான்?”

“யூனிட் கணக்குச் சொல்லி, பன்னண்டு போறும்னு நிறுத்தறவா?”

செக்யூரிட்டி யோசித்தார். “மெஷின்ல அப்படி ஒரு பட்டன் கீது. ஆனா யாரும் அமுக்கினதில்ல. டம்ளர் வெச்சுத் தண்ணி புடிக்கிற மாதிரி எவம்மா சார்ஜ் புடிப்பான்?”

ஸ்கூட்டருக்குத் திரும்பும்போது என் முடிவைச் சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரு பையன் இருப்பான். முதலாளி வீட்டுப் பையன் இடிப்பதும் டிரைவர் ஏற்றுக்கொள்வதும் இந்த ஊரில் வாராவாரம் நடக்கிற திருவிழா. இதில் துப்பறிய என்ன இருக்கிறது?

“பையன் இருபத்துநாலு ரூபா நேரம் பார்த்து வருவானா?” என்று கேட்டார் மேடம்.

“தற்செயலா வந்திருப்பான் மேடம்.”

“பன்னண்டு யூனிட்டும் தற்செயலா?”

பதில் சொல்லத் தெரியாதபோது ஹெல்மெட் மாட்டிக்கொள்வது என் வழக்கம். மாட்டிக்கொண்டேன்.

*

தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் சுயம்புலிங்கத்தின் மூன்று மாடி வீடு. வாசலில் பளபளவென்று அந்தக் கார். இடது பக்க முகப்பு விளக்கு மட்டும் புதுசு.

உள்ளே போக மேடம் சொன்ன காரணத்தில் பொய் பாதிதான். “எலெக்ட்ரிக் வண்டிக்கு வீட்டுல சார்ஜ் போட்டா என்ன செலவு, வெளியில போட்டா என்ன செலவுன்னு ஒப்பிட்டுப் பார்த்துண்டிருக்கோம். உங்களை மாதிரி விவரமானவா சொன்னா நன்னாயிருக்கும்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆனது அந்த மனுஷருக்கு. அறுபது வயது, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. இருபது லட்சத்துக்குக் கார் வாங்கியவர் வரவேற்பறையில் ஃபேனை ஒன்றில் வைத்திருந்தார். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம் என்று நினைத்துக்கொண்டேன்.

“உக்காருங்கம்மா. நல்ல விசயம் கேக்கீங்க. ஒரு பயலுக்கும் இந்தக் கணக்கு தெரியாது. வீட்டுல போட்டா யூனிட்டு ஆறரை, மிஞ்சிப் போனா எட்டரை. வெளிய இருவத்தெட்டு. மூணு மடங்குக்கு மேலல்லா? வெளிய போடுதவன் துட்டக் கடல்ல கொட்டுதான்.”

“நீங்க வெளியில போட்டதே இல்லையா?”

“எனக்கென்ன புத்தியா கெட்டுப் போச்சு? அந்த டிரைவர்ப் பய போட்டுட்டு வந்து மாட்டிக்கிட்டான். பத்தொம்பது வருசம் சோறு போட்ட எனக்குக் கெட்ட பேரு.” சொல்லும்போது அவர் கண் எங்கள் மேல் இல்லை, ஃபேனின் மேல் இருந்தது.

அந்த நேரம் மாடியிலிருந்து மகன் ஸ்ரீஹரி இறங்கி வந்தான். இருபத்துநாலு வயது, காதில் ஹெட்போன். என் ஆள் இவன்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடம் அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டார். வீட்டில் சார்ஜ் போட யூனிட்டுக்கு எவ்வளவு?

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினான். “வீட்ல சார்ஜ் ஃப்ரீதானே ஆன்ட்டி?”

அப்பன் முகத்தில் அப்போது தெரிந்த வேதனை நிஜமானது. முத்தம்மாவுக்காக அதில் நூற்றில் ஒரு பங்கு தெரிந்திருந்தாலும் நான் மன்னித்திருப்பேன். என் சந்தேகம் அங்கேயே படுத்துவிட்டது. யூனிட் என்பது என்னவென்றே தெரியாதவன் பன்னிரண்டு யூனிட் என்று அளந்து பிடித்திருக்க மாட்டான்.

“மீட்டரைப் பாக்கலாமா?” என்றார் மேடம்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டுகிற பெருமையோடு கூட்டிப் போனார் சுயம்புலிங்கம். மாடிப்படிக்குக் கீழே மூன்று மீட்டர். கீழ்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, கார் ஷெட்டுக்கு ஒன்று, மூன்றும் வேறு வேறு பெயரில். பக்கத்துச் சுவரில் தினசரி காலண்டர். தினமும் காலையில் எழுந்ததும் மூன்று ரீடிங்கையும் அன்றைய தாளில் பென்சிலால் எழுதிவிடுவாராம். பல் தேய்ப்பதற்கு முன்பே.

“எதுக்கு மூணு?”

“அங்கதாம்மா சூட்சுமம். ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங் எடுக்க வருவான். ஐநூறு யூனிட்டுக்குள்ள இருந்தா ஒரு ரேட்டு. ஒரு யூனிட்டு தாண்டுனாலும் படி மாறிரும். கீழ இருந்த சலுகை பூரா போயிரும். இருநூத்தம்பது ரூவா சும்மா போவும் பாத்துக்கிடுங்க. நம்ம வீட்டுல எந்த மீட்டரும் ஒரு தடவகூட ஐநூறத் தாண்டுனது கெடையாது.”

“காருக்குக் கூடவா? ஆச்சரியமா இருக்கே. போன ரீடிங்?”

“கார் மீட்டர் நானூத்தித் தொண்ணூத்தஞ்சு,” என்றார். மார்பு ஒரு அங்குலம் விரிந்தது.

“எந்தத் தேதியில எடுத்தா?”

“பதினேழு.”

சொன்ன பிறகுதான் அவர் வாய் மூடியது. மேடம் எதையும் கவனிக்காதவர்போல, “உங்க மேனேஜர் நம்பர் கெடைக்குமா? எழுதிக்க ஒரு துண்டுக் காகிதம் வேணும்,” என்றார்.

அவர் மனைவி தங்கம் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கிழித்த காலண்டர் தாள்களை அந்த வீட்டில் எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, வீணாகலாமா? எல்லாவற்றையும் ஒரு கிளிப்பில் மாட்டி அடுப்படியில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தம்மா உள்ளே போய் ஒரு தாளை உருவிக்கொண்டு வந்து மேடம் கையில் கொடுத்தார்.

“இதுல எழுதிக்கிடுங்க. பின்னால கொஞ்சம் எழுதிருக்கு. மிச்ச எடத்துல எழுதிக்கிடலாம்,” என்றார் தங்கம். மேடத்தின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

மேடம் நம்பரை எழுதிக்கொண்டு தாளைப் பையில் வைத்தார். “காபி குடிச்சிட்டுப் போங்க,” என்றார் அந்தம்மா. “இன்னொரு நாள்,” என்றார் மேடம். இன்னொரு நாள் வராது என்று இரண்டு பேருக்கும் தெரிந்த மாதிரி இருந்தது.

*

பார்க் ஓரம் டீக்கடையில் நின்றதும் தாளை வெளியே எடுத்தார். கிளிப்பில் மேலே நேற்றைய தாள்தான் இருந்திருக்க வேண்டும். அந்தம்மா உருவிக் கொடுத்தது போன மாதம் பதினாறாம் தேதித் தாள். முன்பக்கம் நல்ல நேரத்துக்குக் கீழே பென்சிலில் மூன்று ரீடிங். பின்பக்கம் அதே கையெழுத்தில் கணக்கு.

‘காஞ்சிபுரம் போக வர, குறை 10 யூனிட்.
வீடு: 250 + 75 = 325.
திருவான்மியூர்: 10 + போக வர 2 = 12 × 24 = 288.
மிச்சம் 37. ஆறு மணிக்குள்.’

நான் இரண்டு முறை படித்தேன்.

“வீட்டுல போட்டாத்தான் மலிவு, வெளியில போட்டா மூணு மடங்கு. அதனால கஞ்சன் வெளியில போடவே மாட்டான்னு நீயும் நெனச்சே, நானும் நெனச்சேன்,” என்றார் மேடம். “ஆனா மறுநாள் காஞ்சிபுரம் போகச் சார்ஜ் பத்து யூனிட் கம்மி, அதை வீட்டுல போட்டா கார் மீட்டர் ஐநூறைத் தாண்டி, யூனிட் காசு எழுபத்தஞ்சோட இருநூத்தம்பது ரூபா கூடப் போகும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும், ரீடிங் எடுக்கறதுக்கு முன்னாடி, அவனுக்கு வெளியிலதான் மலிவு. அதுவும் ஆறு மணிக்குள்ள போனாத்தான். இருபத்தெட்டு ரூபா ஆயிடுத்துன்னா பன்னண்டு யூனிட்டுக்கு முந்நூத்து முப்பத்தாறு. நஷ்டம்.”

“அதான் பறந்திருக்கான்.”

“டிரைவரை அஞ்சு மணிக்கு வரச் சொன்னா தனியா பேட்டா குடுக்கணும். அதனால தானே எடுத்துண்டு போயிருக்கான். முத்தம்மாவை இடிச்சப்பறம் நின்னிருந்தா ஆறு மணி தாண்டியிருக்கும்.”

டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். இரண்டு டீ, இரண்டு வடை. ஐம்பது ரூபாய். முப்பத்தேழு ரூபாய்க்கு இந்த ஊரில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட முடியாது. ஒரு பெண்ணை ரோட்டில் போட்டுவிட்டுப் போக முடிகிறது. எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும்போல இருந்தது. பக்கத்தில் மேடம்தான் இருந்தார், அதனால் வடையைக் கடித்தேன்.

*

சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய சந்தில், இரண்டாவது மாடியில் வலியுல்லாவின் வீடு. அப்போது மணி நாலரை. இனாயத் சொன்ன மாதிரியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து எங்களுக்கு நாற்காலி போட்டார். மேடம் காலண்டர் தாளை அவர் கையில் கொடுத்தார்.

நிதானமாகப் படித்தார். ஆச்சரியப்படவில்லை.

“தெரியும் மேடம். அன்னிக்கு ஏழு மணிக்கு வந்தப்பவே லெஃப்ட் லைட்டு உடைஞ்சு கெடந்துச்சு. பூனைன்னாரு. காஞ்சிவரம் போய், பட்டு எடுத்துக்கினு வந்தோம். வழி பூரா பாட்டு போடச் சொன்னாரு. சாயங்காலம் ரூமுக்குள்ள கூப்ட்டு கால்ல வுழுந்தாரு.”

“இந்த மாதிரி கேஸ்ல வழக்கமா அஞ்சு லட்சம்னு பேசுவா. உங்களுக்கும் அதானா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “கேஸ் முடிஞ்சதும் தரேன்னாரு. பெரியவ நர்சிங் முடிச்சிருவா. மொதல் தப்பு, ஃபைன் கட்டினா வுட்டுருவாங்கன்னு வக்கீலும் சொன்னாரு.”

“நிறுத்தாம ஓடினதுக்கு ஃபைனோட விடமாட்டா. வருஷக்கணக்குல உள்ள இருப்பேள்.”

“இருந்துட்டுப் போறேன். பத்தொம்பது வருசம் அந்த வீட்டு உப்பத் தின்னுக்கினு கீறேன். எம் பொண்டாட்டி ஆப்பரேசனுக்கு அவருதான் பணம் குடுத்தாரு.”

“அதை மாசாமாசம் சம்பளத்துல புடிச்சாருல்ல, அதையும் சொல்லு,” என்றார் இனாயத்.

“நீ சும்மா இர்றா.” தாளை மடித்து மேடத்திடம் நீட்டினார். “இத கிழிச்சுப் போட்ருங்க. நாளைக்கு நான் ஒத்துக்கத்தான் போறேன். எனக்கு இன்னா கெடைக்கும்னு எனக்குத் தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆள் மேல் இல்லை. ஐந்து லட்சத்துக்கு ஒரு மனுஷன் சுவரைப் பார்த்து உட்காரும்படி வைத்திருக்கிற எல்லாவற்றின் மேலும். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பார்வை டிவியின் மேல் இருந்தது.

“வலியுல்லா, ஒரே ஒரு உதவி. அந்தக் கவரைப் பிரிங்கோ. அதுக்கப்பறம் நீங்க என்ன சொன்னாலும் நான் கிளம்பிடறேன்.”

“அதுல இன்னா மேடம் கீது? சம்பளம்.”

“பிரிங்கோ.”

இனாயத் கவரை எடுத்துக் கொடுத்தார். வலியுல்லா ஓரத்தைக் கிழித்தார். நோட்டுகளோடு ஒரு சின்னச் சீட்டு. கடைக் கணக்கர் கையெழுத்தில் மூன்று வரி. அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முதலில் கண்ணாடி இல்லாமல், பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு.

“சம்பளம் இருபத்தோராயிரம்,” என்று வாய்விட்டுப் படித்தார். “வெளிச் சார்ஜ், பதினேழாந் தேதி. புடித்தம் இருநூத்தி எம்பத்தெட்டு.”

கீழே சந்தில் யாரோ தண்ணீர்க் குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். வலியுல்லா சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“ரெண்டு வருசம் முன்ன வித்தியாசத்த மட்டும்தான் புடிச்சாரு,” என்றார் மெதுவாக. “இதுல முழுசாப் புடிச்சிருக்காரு.”

“வெளியில சார்ஜ் போட்டது நீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டேளே. இப்ப மிச்சம் முப்பத்தேழு இல்லை. அவருக்கு அந்தச் சார்ஜே ஓசி,” என்றார் மேடம்.

“அஞ்சு லட்சம்னாரே மேடம்.”

“சொன்னார்.”

அவர் நோட்டுகளை எண்ணவில்லை. கவரைப் பாயின் மேல் வைத்தார். இருபது நாளாக வராத அழுகை அப்போது வந்தது. சத்தமில்லாமல், மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு அழுதார். இனாயத் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனின் முதுகில் கை வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு வலியுல்லா எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சம்பளச் சீட்டை அதன் பையில் வைத்தார். “ஸ்டேசனுக்குப் போலாம் மேடம். ரெண்டு காயிதத்தையும் குடுத்துட்டு நடந்ததச் சொல்லிட்றேன்.”

படி இறங்கும்போது நடுவில் நின்றார். “ஒண்ணு கேக்கணும். அந்தம்மா இடிச்சவொடனே போய்டுச்சா?”

மேடம் எப்போதும் கேட்ட கேள்வி முடிவதற்குள் பதில் வைத்திருப்பவர். இப்போது பையைத் திறந்து ஆம்புலன்ஸ் சீட்டை எடுத்தார். எடுக்காமலே அவருக்குத் தெரியும். அவரும் நானும் மத்தியானமே அதைப் படித்துவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருந்தோம்.

“இல்லை. பேசியிருக்கா. தண்ணி கேட்டிருக்கா. உயிர் போனது ஆறு பத்துக்கு.”

வலியுல்லா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சார்ஜ் முடிந்த நேரத்தை அவர் கேட்கவில்லை. இனாயத்தான் மேடம் கையில் அந்தச் சீட்டோடு இருந்த சார்ஜ் ரசீதை வாங்கிப் பார்த்தார்.

அதில் ஆறு பதினாறு என்று இருந்தது.